பச்சை முக்கோணமும் ஏரி நீரும்

பூச்சிமருந்துக் கடையில் விற்கப்படும் ஒவ்வொரு புட்டியின் மீதும், பொட்டலத்தின் மீதும் சாய்சதுர வடிவில் ஒரு முத்திரை இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்களுள் ஒன்று பூசப்பட்டிருக்கும். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. பச்சை என்றால் நச்சுத்தன்மை மிகக் குறைவு. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த ஏற்பாடு இது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் நிறத்தைப் பார்த்து எச்சரிக்கை கொள்ளலாம் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்தது.

ஆனால், அந்த நிறம் யாருக்கான எச்சரிக்கை என்று கேட்பவர்கள் குறைவு. ஆய்வகத்தில் எலிகளுக்கு மருந்தை வாய்வழியே கொடுத்தோ தோலில் பூசியோ, அவற்றில் பாதியைக் கொல்லும் அளவு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். உடல் எடை கிலோ ஒன்றுக்கு 50 மில்லிகிராமுக்குள் எலி இறந்தால் சிவப்பு. 5,000 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தும் இறக்கவில்லை எனில் பச்சை. பாலூட்டியான எலிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் ஓரளவு பொருந்தும் என்பது அதன் அடிப்படை. மீனுக்கு, நண்டுக்கு, தவளைக்கு, ஏரித் தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்களுக்கு அந்த நிறம் எதையும் சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்ப்போம். நெல்லில் தண்டுத் துளைப்பானையும் இலைச் சுருட்டுப் புழுவையும் கட்டுப்படுத்த 'குளோரான்ட்ரானிலிப்ரோல்' என்னும் மருந்து இப்போது பரவலாகப் பயன்படுகிறது. பச்சை முக்கோணம் பெற்றது. பழைய மருந்துகளோடு ஒப்பிட்டால், தெளிப்பவரின் உயிருக்கு இது எவ்வளவோ பாதுகாப்பானது. அந்த வகையில் வரவேற்கத்தக்க முன்னேற்றமே. 0.4 சதவீதக் குருணையாக ஏக்கருக்கு 4 கிலோ இடச் சொல்கிறார்கள். அதாவது, ஏக்கருக்கு 16 கிராம் நஞ்சு. ஒரு ஏக்கர் கழனியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். பதினாறு கிராமும் நீரில் கரைந்துவிட்டதாகக் கொண்டால் லிட்டருக்குச் சுமார் 80 மைக்ரோகிராம் ஆகிறது. மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும்.

ஆனால், 'டாஃப்னியா' எனப்படும் நீர்த்தெள்ளுகளில் பாதியை 48 மணி நேரத்தில் அசைவற்றுப் போகச் செய்ய லிட்டருக்கு ஏறத்தாழ 12 மைக்ரோகிராமே போதுமானது என்று ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. நம் தோராயக் கணக்கில் கிடைத்தது அதைப்போல் ஆறரை மடங்கு. உண்மையில் எல்லா நஞ்சும் கரைவதில்லை; ஒரு பகுதி மண்ணில் ஒட்டிக்கொள்ளும்; வெயில் படும் நீரில் இந்த மருந்து விரைவாகவே சிதையும். ஆகவே, கழனியிலிருந்து வடியும் நீரில் அளவு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவு என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது.

நீர்நிலைகளுக்கான ஆபத்து மதிப்பீடு என்று அறிவியல் அழைப்பது இந்தக் கேள்வியைத்தான். அதன் தர்க்கம் எளியது. ஒரு பொருளின் நச்சுத்தன்மை ஒரு பக்கம். உயிரினங்கள் அதற்கு எந்த அளவில் ஆட்படுகின்றன என்பது மறுபக்கம். நீரில் எதிர்பார்க்கப்படும் செறிவை, தீங்கு விளைவிக்காது என்று நம்பப்படும் செறிவால் வகுக்கிறார்கள். விடை ஒன்றுக்குக் கீழே இருந்தால் அனுமதி. மேலே போனால் மேலும் ஆய்வு அல்லது தடை. பாசிக்கு 72 மணி நேரம், நீர்த்தெள்ளுக்கு 48 மணி நேரம், மீனுக்கு 96 மணி நேரம் என்று உலகெங்கும் ஒரே மாதிரியான சோதனைகள் உள்ளன. ஆய்வகத்துக்கும் ஆற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஈடுகட்ட, கிடைத்த எண்ணை 100 அல்லது 1,000 போன்ற பாதுகாப்புக் காரணியால் வகுப்பார்கள். நான் மேலே சொன்ன 12 மைக்ரோகிராம், நூறால் வகுக்கப்பட்டால் 0.12 ஆகிவிடும். பொருளியல் படித்த எனக்கு இந்தப் பாதுகாப்புக் காரணி மிகவும் பிடித்த ஒன்று. நம் அறியாமைக்கு நாமே விதித்துக்கொள்ளும் வரி அது.

சிக்கல், இந்தக் கணக்கு எந்த நிலத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டது என்பதில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஐரோப்பிய ஓடையும், வயலை ஒட்டிய சிறு வாய்க்காலும்தான் பெரும்பாலான கணிப்பு மாதிரிகளின் களம். காஞ்சிபுரத்தின் நீரியல் வேறு. நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381 ஏரிகளும், 2019-இல் அதிலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் 528 ஏரிகளும் உள்ளன. ஊராட்சிகளின் குளங்களும் குட்டைகளும் இக்கணக்கில் சேரா. இவை தனித்தனி ஏரிகள் அல்ல, சங்கிலித் தொடர். மேல் ஏரியின் கலங்கல் வழியும் நீரும், அதன் ஆயக்கட்டில் பாய்ந்து வடியும் நீரும் கீழ் ஏரியின் வரத்துக்கால் வழியே சென்று சேர்கின்றன. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று முன்னோர் அமைத்த அமைப்பு. மேலூர்க் கழனியில் இட்ட மருந்தும் அதே சிக்கனத்தோடு கீழூர் ஏரிக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் காலத்தில் எழாத பிரச்னை.

இன்னொரு வேறுபாடு, நம் ஏரிகள் வற்றும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி, நவரை நெல்லுக்குப் பாய்ந்து சித்திரை, வைகாசியில் குட்டையாகச் சுருங்கும்போது, சிதையாத நஞ்சின் செறிவு கூடும். ஊரார் மீன் பிடிப்பதும் அந்தக் கடைசி நீரில்தான். பிறகு வறண்ட ஏரியின் வண்டலை வெட்டி வண்டிகளில் கழனிக்கு ஏற்றிச் செல்கிறோம். அது நல்ல உரம். அரசும் அதற்கு அனுமதி தந்து ஊக்குவிக்கிறது. ஆனால், நீரில் வந்த நஞ்சின் பெரும்பகுதி கடைசியில் தங்குமிடம் அந்த வண்டல். வயலிலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து வயலுக்குமாக ஒரு வட்டம் சுழல்கிறது. வெளிநாட்டில் வடிவமைக்கப்பட்ட எந்த மாதிரியிலும் மாட்டு வண்டியோ டிராக்டரோ ஏரி வண்டலை வயலுக்குத் திரும்பக் கொண்டுபோவதில்லை.

நெல் வயலும் ஏரியும் சேர்ந்த நிலத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு ஜப்பானில் ஒரு பாடம் உண்டு. அந்நாட்டின் ஷிமானே மாகாணத்தில் உள்ள ஷின்ஜி ஏரியைச் சுற்றிலும் நெல் வயல்கள். 1993-இல் 'இமிடாகுளோபிரிட்' என்ற நியோநிகோட்டினாய்டு வகை மருந்து அங்கு பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின்னர் ஏரியின் மிதவைச் சிற்றுயிர்களின் அளவு சுமார் 83 சதவீதம் சரிந்தது. அவற்றை உண்டு வாழும் 'ஸ்மெல்ட்' மீனின் சராசரி ஆண்டுப் பிடிப்பு 240 டன்னிலிருந்து 22 டன்னாக வீழ்ந்தது. மசுமி யமமுரோ தலைமையிலான ஆய்வாளர்கள் இதை 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். இது காலத்தொடர்பை வைத்துச் சொல்லப்பட்ட முடிவு. ஆய்வகத்தில் நிறுவப்பட்டதன்று என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ஆட்சேபம் நியாயமானதே. எனினும், அவர்கள் பிற காரணங்களையும் பரிசீலித்த பிறகே இம்முடிவுக்கு வந்தனர். மீன்கள் நஞ்சுண்டு சாகவில்லை. உணவின்றிக் குறைந்தன என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. மீனை மட்டும் சோதித்துப் பார்த்தால் அந்த மருந்து குற்றமற்றது.

வியப்பு என்னவெனில், நீர்த்தெள்ளுச் சோதனையிலும் இமிடாகுளோபிரிட் தேறிவிடும். டாஃப்னியா அதை லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் வரை தாங்குகிறது. ஆனால், மேஃபிளை எனப்படும் நீர்ப்பூச்சியின் இளம்பருவங்கள் சில மைக்ரோகிராமிலேயே வீழ்கின்றன. ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. உலகமே நம்பிய சோதனை உயிரி, ஒரு புதிய வகை நஞ்சுக்குத் தற்செயலாக உரம் வாய்ந்ததாக அமைந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இம்மருந்தைத் திறந்த வெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. அதற்கு முதன்மைக் காரணம் தேனீக்கள்.

பட்டுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. காஞ்சிபுரத் தறிகளுக்கு வரும் பட்டு நூலின் பிறப்பிடமான கர்நாடகத்திலும் தருமபுரி, ஓசூர்ப் பகுதிகளிலும் பட்டுப்புழு வளர்ப்போர், பக்கத்து வயலில் மருந்து தெளித்தால் அந்தப் பக்கத்து மல்பெரி இலையைப் பறிக்க மாட்டார்கள். காற்றில் பரவிய துளியே புழுக்களைக் கொல்லும். முக்கோணம் பச்சையா, நீலமா என்று புழு பார்ப்பதில்லை.

பூச்சிமருந்தைப் பற்றி இவ்வளவாவது நமக்குத் தெரியும். நானோ துகள்களுக்கு வரும்போது அளவுகோலே தடுமாறுகிறது. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களை நானோ துகள்கள் என்கிறோம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். எடை மாறவில்லை, வினைபுரியும் பரப்பு பத்து லட்சம் மடங்காகிவிட்டது. 'லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம்' என்ற வழக்கமான கணக்கு இங்கே பாதி உண்மையைத்தான் சொல்லும். துகளின் உருவளவு, மேற்பூச்சு, நீரின் உப்புத்தன்மை, அதில் கரைந்துள்ள கரிமப் பொருள் ஆகியவற்றைப் பொறுத்து அது மிதக்கும், திரளும், கரையும் அல்லது அடியில் படியும். ஒரே துகள் பாலாற்று நீரில் ஒன்றாகவும், சாக்கடை கலந்த வேகவதியில் வேறொன்றாகவும் நடந்துகொள்ளலாம்.

இந்த ஊருக்கு நன்கு பழக்கமான உலோகமான வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். பட்டு நூலின் மீது சுற்றப்பட்ட வெள்ளிச் சரிகை தலைமுறை தாண்டி பெட்டியில் கிடக்கும், யாருக்கும் தீங்கில்லை. அதே வெள்ளி 20 நானோமீட்டர் துகளானால், நீரில் மெல்லக் கரைந்து வெள்ளி அயனிகளை உமிழ்கிறது. அந்த அயனி நுண்ணுயிர்களைக் கொல்லும்; பாசிக்கும் நீர்த்தெள்ளுக்கும் மிகக் கடுமையான நஞ்சு. துர்நாற்றம் வராத காலுறை, கிருமி அண்டாத துணி என்று விளம்பரப்படுத்தப்படும் பல பொருள்களில் வெள்ளித் துகள் இருப்பது இக்குணத்துக்காகவே. வெள்ளி அயனியை வெளியிடும் சலவை இயந்திரங்களைப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்தான் கொண்டுவர வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2006-இல் முடிவு செய்தது. உயிரைக் கொல்லும் பொருட்டு விற்கப்படுவது எதுவாயினும் அது கொல்லிதான் என்பது அந்த முடிவின் தர்க்கம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் ஒன்றில் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் அறிவியலாளர்கள் நானோ வெள்ளியைத் தொடர்ந்து சிறுகச் சிறுகக் கலந்தனர். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கவில்லை. ஆனால், 'பெர்ச்' மீன்கள் இரை உண்பது குறைந்தது, எண்ணிக்கையும் சரிந்தது. அவற்றை உண்ணும் 'பைக்' மீன்களின் உடலில் வெள்ளி சேர்ந்தது, வளர்ச்சி மட்டுப்பட்டது. தொட்டியில் 96 மணி நேரம் பார்த்திருந்தால் இவற்றுள் எதுவும் தெரிந்திருக்காது.

இதற்கு நேரெதிரான ஒரு கதையும் நம் மாநிலத்திலேயே உண்டு. சென்னை ஐஐடி-யின் பேராசிரியர் டி.பிரதீப்பின் குழு, வெள்ளி நானோ துகள்களைக் கொண்டு குடிநீரிலிருந்து எண்டோசல்ஃபான், மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் போன்ற பூச்சிக்கொல்லி எச்சங்களை நீக்கும் வடிகட்டியை உருவாக்கியது. 2007-இல் அது சந்தைக்கு வந்தது. ஒரே பொருள், வடிகட்டிக்குள் பிணைக்கப்பட்டிருக்கும்போது மருந்து. கட்டவிழ்ந்து ஏரியில் மிதக்கும்போது நஞ்சு. நானோ தொழில்நுட்பத்தை மொத்தமாக வரவேற்பவர்களும் மொத்தமாக வெறுப்பவர்களும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

நானோ யூரியாவையும் இந்த நோக்கிலேயே அணுக வேண்டும். 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட அது, 500 மில்லி புட்டியில் 4 சதவீத நைட்ரஜனுடன் வந்தது. அதில் இருப்பது 20 கிராம் நைட்ரஜன். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். இது அதற்கு ஈடாகுமா என்பது உழவியலாளர்களின் விவாதம். அதற்குள் நான் போகவில்லை. ஏரியின் கண்ணோட்டத்தில் சொல்வதானால், மூட்டை யூரியா அளவுக்கு மீறி இடப்பட்டு ஏரியில் ஆகாயத்தாமரையை வளர்க்கும் தீமை இன்று கண்கூடு. அதைக் குறைக்கும் எதுவும் நன்மையே. கவலை, பூச்சிமருந்தையே நானோ உறைக்குள் பொதிந்து, மெல்ல மெல்ல வெளியிடும்படி செய்யும் புதிய தயாரிப்புகளைப் பற்றியது. விரைவில் சிதையும் என்பதற்காக அனுமதிக்கப்பட்ட மருந்து, உறைக்குள் சிதையாமல் ஏரி வரை பயணம் செய்யலாம். பழைய மருந்தின் பழைய கோப்பு அங்கே செல்லாது.

இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒற்றை விடை இல்லை. 2008-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் கரிம நானோ துகள் ஒன்றோடு வெவ்வேறு மாசுகளைச் சேர்த்துப் பார்த்தனர். ஃபெனாந்த்ரீன் என்ற மாசின் நச்சு கூடியது. பென்டாகுளோரோஃபீனால் என்ற கொல்லியின் நச்சு குறைந்தது. துகள் சில வேளை நஞ்சைச் சுமக்கும் வண்டியாகிறது. சில வேளை அதைக் கட்டிவைக்கும் தறியாகிறது.

இந்திய நீதிமன்றங்கள் 'முன்னெச்சரிக்கைக் கோட்பாடு' என்று ஏற்றுக்கொண்ட நெறி இத்தகைய நிச்சயமின்மைக்காகவே உள்ளது. அது பிறந்தது நம் பாலாற்றங்கரையில் என்பது பலருக்கும் நினைவிருப்பதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. அறிவியல் உறுதிப்பாடு இல்லை என்பது தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் காரணமாகாது. தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் சுமை அச்செயலைச் செய்பவருடையது என்று அது உரைத்தது. அதே தோல் ஆலைக் கழிவு தொடர்பாக உச்சநீதிமன்றம் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பை 2025 ஜனவரியில் வழங்க வேண்டியிருந்தது. இடையில் ஓடியவை 28 ஆண்டுகள்.

கோட்பாடு இருக்கிறது, அளவீடு இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டின்படி வகைப்படுத்தியுள்ளது. அதில் 'டி' பிரிவு, காட்டுயிருக்கும் மீன் வளர்ப்புக்கும் உரிய நீர். அதற்கான அளவுகோல்கள் மூன்று: அமில-காரத் தன்மை 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமை, அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமை. பூச்சிக்கொல்லி என்ற சொல்லே அதில் இல்லை. புட்டி நீரில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதை 2003-இல் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் வெளிப்படுத்தியபோது நாடே கொதித்தது. குடிநீருக்குக் கடுமையான வரம்பு வந்தது. மனிதன் குடிக்கும் நீருக்குக் கிடைத்த அந்த வரம்பு, வேடந்தாங்கல் பறவை இரை தேடும் நீருக்குக் கிடைக்கவில்லை. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்கள். நானோ வேளாண் இடுபொருள்களுக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது பாராட்டத்தக்கது. ஆயினும், அவை சந்தைக்கு வருமுன் ஆராய்வதற்கானவை. வந்த பின் ஏரியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு ஏற்பாடு வேண்டும்.

பொருளியல் இதைப் புறவிளைவு என்று சொல்லும். மருந்தின் பயன் இட்டவருக்கு. செலவு அடுத்த ஊருக்கு. ஆனால், விவசாயியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது. விளைச்சலில் நாலில் ஒரு பங்கைப் புழு தின்றுவிடும் என்று அஞ்சுபவர், நானும் நீங்களும் வாங்கும் அரிசியின் விலைக்குள் அந்த அச்சத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, அவருக்கு அதிகச் செலவு வைக்காத வழியைத்தான் முதலில் தேட வேண்டும்.

அப்படி ஒரு வழி உண்டு. அதற்குப் புதிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. மருந்திட்ட பின் வடிமடையை அடைத்துத் தண்ணீரைக் கழனியிலேயே நிறுத்துவது. ஜப்பானில் நெல் விவசாயிகள் ஏழு நாள் நிறுத்த வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1980-களின் தொடக்கத்தில் நெல் வயல் வடிகால்களில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. சாக்ரமென்டோ நகரக் குடிநீர் களைக்கொல்லியால் கசந்தது. வயல் நீரைக் குறிப்பிட்ட நாள்கள் வரை வெளியேற்றக் கூடாது என்ற விதி வந்தபின் ஆற்றில் அந்த நஞ்சுகளின் அளவு பெரிதும் இறங்கியது. வெயில் சிதைப்பதும், மண் பிடித்துவைப்பதும் அந்த நாள்களில்தான். நம் ஏரிப் பாசன ஊர்களில் மடை திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி என்ற ஆளே இருந்தார். சில ஊர்களில் இன்றும் இருக்கிறார். வரப்பை அரை அடி உயர்த்துவதும், வானிலை பார்த்து மருந்திடுவதும் வேளாண் துறையின் துண்டறிக்கையில் இரண்டு வரி. முத்திரையில் நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் படம் சேர்ப்பது விதியில் ஒரு திருத்தம்.

அளவீட்டுக்கு, விலையுயர்ந்த கருவிகள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஏரிகளில் 'மொய்னா' என்ற உள்ளூர் நீர்த்தெள்ளு ஏராளம். மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக வளர்ப்பவர்களும் உண்டு. ஏரி நீரில் அவற்றை விட்டு 48 மணி நேரம் கழித்து எத்தனை நீந்துகின்றன என்று எண்ண ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகமும் நான்கு மாணவர்களும் போதும். எந்த நஞ்சு என்று அது சொல்லாது. எந்த ஏரியை வேதியியலாளர் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். பூச்சிகளைத் தாக்கும் மருந்துகளுக்கு மொய்னாவோடு ஒரு நீர்ப்பூச்சியின் இளம்பருவத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது. நியோநிகோட்டினாய்டு கதை அதற்காகத்தான் சொன்னேன்.

உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளில் குடவோலை முறையில் வாரியங்கள் அமைந்ததைச் சொல்கின்றன. அவற்றுள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினர்கள் ஆறு பேர். இன்று அதே ஊர் ஏரியின் கரை ஒரு துறைக்கும், மீன் இன்னொரு துறைக்கும், ஆயக்கட்டு நெல் மூன்றாவது துறைக்கும், நீரின் தூய்மை நான்காவது வாரியத்துக்கும் உரியவை. மருந்திடும் காலம் வேளாண் துறைக்குத் தெரியும். மாதிரி எடுக்கும் நாளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் நாள்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. நவரைப் பயிருக்குக் குருணை இடுவது நட்ட மூன்று வாரங்களுக்குள். அதற்கடுத்து வடிமடை திறக்கும் நாளன்றோ, மழை பெய்த மறுநாளோ கீழ் ஏரியின் வரத்துக்கால் வாயில் ஒரு புட்டி நீர் எடுத்தால்தான் அந்த ஆண்டின் எண் கிடைக்கும். ஒரு மாதம் கழித்து எடுக்கும் நீர் தெளிவாகவே இருக்கும்.